வீட்டில் கிளி வளர்த்தல்



திருவனந்தபுரத்திலிருந்து நாகர்கோவில் நோக்கிச் செல்லும் நெடுஞ்சாலையில் நெய்யாற்றின்கரையைக் கடந்து, பாறசாலை, இஞ்சிவிளை வழியாகக் களியக்காவிளையை அடைவதற்குள் பேச்சு மலையாளத்திலிருந்து தமிழுக்கு மாறிவிடுகிறது. எந்த இடத்தில் மாறிற்று என்று ஒருவராலும் சுட்டிக் காட்ட இயலாது. 1956ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாளில் அகஸ்தீசுவரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்கள் சென்னை மாநிலத்தோடு இணைந்தன. நெய்யாற்றின்கரைத் தாலுகா கேரளத்திலேயே நின்றது. எல்லைக் கோடு வயலையும் தோப்பையும் பிரித்ததேயன்றி வீட்டு வழக்கங்களைப் பிரிக்கவில்லை. அவ்வழக்கங்களுள் ஒன்று கிளி வளர்ப்பது. ஒரு வீட்டில் கிளி என்பார்கள், அடுத்த வீட்டில் தத்த என்பார்கள். அந்தத் தத்த நம் பழந்தமிழ்த் தத்தையே அன்றி வேறன்று.

இந்தக் கிராமங்களில் முன்னாளில் கிளி வளர்ப்பு எவ்வாறு தொடங்கும் என்பதைப் பலரும் அறிவீர்கள். தலை போய்ப் பட்டுநிற்கும் தென்னையின் பொந்தில் பச்சைக்கிளி குஞ்சு பொரித்திருக்கும். சிறுவர்கள் ஏறிக் கண் திறவாத குஞ்சை எடுத்து வருவார்கள். பாலும் சோறும் பிசைந்து ஊட்டுவார்கள். பாலிலுள்ள சர்க்கரையைச் செரிக்கும் ஆற்றல் பறவையின் குடலுக்கு இல்லை. சோற்றிலோ சுண்ணாம்புச் சத்து மிகக் குறைவு. எனவே பல குஞ்சுகள் கழிந்து மடியும். பிழைத்தவற்றிலும் கால் வளைந்து, கொம்பைப் பற்ற மாட்டாமல் கூண்டின் தரையில் ஊர்ந்து திரிபவை உண்டு. அதனை ஊழ் என்று கருதினார்கள். உண்மையில் அது உணவுக் குறையே.

இன்று அவ்வழக்கம் சட்டத்துக்கும் புறம்பானது. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி நம் நாட்டுப் பச்சைக்கிளியைப் பிடிப்பதும் விற்பதும் கூண்டில் வைத்திருப்பதும் குற்றம். சிறைத் தண்டனையும் அபராதமும் உண்டு. இது கேரளத்துக்கோ தமிழகத்துக்கோ மட்டும் உரிய சட்டமன்று. மும்பையிலும் பெங்களூரிலும் தில்லியிலும் வாழும் நம்மவர் சிலர், அங்காடியில் கிடைத்ததென்று பச்சைக்கிளியை வாங்கி, விடுமுறையில் இரயிலில் ஊருக்கும் கொண்டு வருகிறார்கள். வாங்கும்போதும் குற்றம், கொண்டு வரும்போதும் குற்றம். இத்தகைய கிளி ஏற்கெனவே கையில் இருப்பின், அதனைச் சன்னல் வழியே பறக்கவிடுவது அறமாகத் தோன்றும். ஆனால் இரை தேடப் பழகாத பறவை இரண்டொரு நாளில் காகத்துக்கோ பூனைக்கோ பலியாகும். அருகிலுள்ள வனத்துறை அலுவலகத்தில் ஒப்படைப்பதே தக்கது.

ஆகவே வீட்டில் வளர்த்து இனம் பெருக்குதற்கு உரியவை அயல்நாட்டுக் கிளி வகைகளே. அவற்றுள் எளியது பட்ஜரிகர். நம் ஊர்களில் இதனை லவ் பேர்ட்ஸ் என்று அழைத்துப் பழகிவிட்டோம்; அப்பெயருக்கு உரிய பறவை ஆப்பிரிக்காவைச் சேர்ந்த வேறொரு குட்டை வால் கிளி. பட்ஜரிகரோ ஆஸ்திரேலியாவின் வறண்ட உள்நாட்டுப் புல்வெளியில் கூட்டங் கூட்டமாய்ப் பறப்பது. 1840ஆம் ஆண்டில் ஜான் கூல்டு என்னும் பறவையியலார் அதனை உயிரோடு இங்கிலாந்துக்குக் கொண்டு சென்றார். அங்கிருந்தே உலகெங்கும் பரவிற்று. பட்ஜரிகருக்கும் காக்கட்டீலுக்கும் அரசிடம் பதிவு தேவையில்லை. கன்யூர், மக்காவ் போன்ற பிற அயல்நாட்டுக் கிளிகளை வைத்திருப்போர் மட்டும் 2024ஆம் ஆண்டின் விதிகளின்படி அவற்றைப் பரிவேஷ் என்னும் இணையத் தளத்தில் பதிவு செய்தாக வேண்டும்.

இனி உணவைப் பார்ப்போம். முட்டை வைக்கும் பானையைக் கட்டுவதிலிருந்தே இனப்பெருக்கம் தொடங்குவதாகப் பெரும்பாலோர் எண்ணுகிறார்கள். அது சரியன்று. பானை கட்டுவதற்கு ஆறு வாரங்களுக்கு முன்பே பெட்டையின் உணவில் அது தொடங்குகிறது. முட்டை ஓட்டுக்கு வேண்டிய சுண்ணாம்புச் சத்தை உணவு தராவிடில் பெட்டை தன் எலும்பிலிருந்து எடுத்துக் கொடுக்கும். எலும்பும் வறண்டபின் ஓடு மென்மையாகி, முட்டை வெளிவராமல் உள்ளேயே அடைத்துக்கொள்ளும். காலையில் இறகைச் சிலுப்பிக்கொண்டு தரையில் அமர்ந்திருக்கும் பெட்டை மாலைக்குள் இறந்து கிடப்பது பெரும்பாலும் இதனால்தான். அவ்வாறு அமர்ந்திருக்கக் கண்டால், இளஞ்சூட்டில் வைத்து, காலம் தாழ்த்தாமல் கால்நடை மருத்துவரிடம் கொண்டு செல்லுங்கள். வயிற்றை அழுத்தி முட்டையை வெளியேற்ற முயல வேண்டாம்; உள்ளே உடைந்தால் உயிருக்கே கேடு.

கடைகளில் விற்கும் தினையை மட்டும் கிண்ணத்தில் நிரப்பி வைத்துவிட்டு, பறவைக்கு வயிறார உணவளித்தோம் என்று மனநிறைவு கொள்வோர் மிகுதி. தினை, சாமை, பனிவரகு ஆகியவை பட்ஜரிகருக்கு ஏற்ற தானியங்களே. ஆயினும் தானியத்தில் வைட்டமின் ஏ இல்லை என்றே சொல்லலாம். சுண்ணாம்பும் அயோடினும் போதா. சூரியகாந்தி விதையோ கொழுப்பு மிக்கது. பறவை அதனை விரும்பி உண்ணும், ஈரல் கெடும்.

இக்குறையை நிரப்ப எல்லைக் கிராமத்தார் கடைக்குச் செல்ல வேண்டுவதில்லை. வேலியோரத்து முருங்கை இலையில் சுண்ணாம்பும், உடலில் வைட்டமின் ஏ ஆக மாறும் பொருளும் நிறைந்துள்ளன. ஒரு கொத்தைக் கழுவி ஈரத்தோடு கூண்டில் கட்டிவிட்டால் அதில் புரண்டு குளிக்கவும் செய்யும், உண்ணவும் செய்யும். மஞ்சள் பூசணி, காரட், பழுத்த பப்பாளி, கோவைப்பழம் இவற்றையும் சிறிதாக நறுக்கித் தரலாம். கிளியின் அலகுக்குக் கோவைப்பழத்தை உவமை சொன்ன புலவர், அது கிளிக்கு நல்லுணவு என்பதையும் கண்டிருக்கக் கூடும். பாட்டிமார் கிளிக்கு மிளகாய் கொடுப்பதைக் கொடுமை என்று சிலர் கடிந்துகொள்கிறார்கள். மிளகாயின் காரம் பறவைக்கு உறைப்பதேயில்லை. பழுத்த மிளகாயில் வைட்டமின் ஏ தரும் பொருளும் உண்டு. இவ்விஷயத்தில் நான் பாட்டிமார் பக்கம்.

சுண்ணாம்புக்குச் சிறந்தது கடல் நுரை என்று நாட்டு மருந்துக் கடையில் விற்கும் கணவாய் ஓடு. விழிஞ்சம், பூவார், குளச்சல் கடற்கரைகளில் அது ஒதுங்குவதும் உண்டு. கரையில் எடுத்ததாயின் சில நாள் நன்னீரில் ஊறவைத்து, நாள்தோறும் நீர் மாற்றி, உப்பு நீங்கியபின் வெயிலில் காயவைத்துக் கூண்டில் கட்டுங்கள். ஆயினும் சுண்ணாம்பு உடலில் சேர வைட்டமின் டி வேண்டும். அது வெயிலால் உண்டாவது. கண்ணாடிச் சன்னல் வழியே வரும் வெயில் இதற்குப் பயன்படாது. நகரத்து அடுக்கு மாடியில் வாழ்வோர் காலையில் அரைமணி நேரமேனும் கூண்டைத் திறந்த வெளியில் வைப்பது நன்று. ஒதுங்க நிழலும் கூண்டிற்குள்ளேயே இருக்க வேண்டும்.

வறண்ட நாட்டுப் பறவை, ஆண்டில் இரு பருவமழை பெய்யும் நாட்டுக்கு வந்துள்ளது என்பதை மறத்தல் ஆகாது. ஆனி, ஆடியிலும் ஐப்பசியிலும் தானியத்தில் பூஞ்சை பிடிக்கும். முகர்ந்தால் மக்கல் வாசனை வரும் தினையைக் கழுவிக் காயவைத்துக் கொடுக்கலாமா என்று கேட்பார்கள். கூடாது, எறிந்துவிடுங்கள். இரண்டு வாரத்துக்கு வேண்டியதை மட்டும் வாங்குதல் சிக்கனமே.

ஓராண்டு நிரம்பிய இணையைத் தேர்ந்துகொள்ளுங்கள். பெரும்பாலான நிறங்களில், அலகுக்கு மேலுள்ள மூக்குத்தோல் நீலமாயின் ஆண், பழுப்பாயின் பெட்டை. பல இணைகளை ஒரே கூண்டில் விட்டால், இணைகளைவிடப் பானைகள் மிகுதியாகவும் அனைத்தும் ஒரே உயரத்திலும் இருக்க வேண்டும். உயரத்துப் பானைக்காகப் பெட்டைகள் குருதி சிந்தப் போரிடும். பானையின் உள்ளே மரச்சீவலைப் பரப்புக. வழவழப்பான அடியில் வளரும் குஞ்சின் கால்கள் இருபுறமும் விரிந்து ஊனமாகும்.

நாள் விட்டு நாளாக நான்கு முதல் ஆறு முட்டைகள் இடும். ஏறத்தாழ பதினெட்டு நாளில் ஒவ்வொன்றாகப் பொரியும். ஆதலால் மூத்த குஞ்சுக்கும் கடைக்குட்டிக்கும் பத்து நாள் வரை வேறுபாடு இருக்கும்; கடைக்குட்டி நசுங்கியோ பசித்தோ சாவது இயல்பாக நிகழ்வது. நாளுக்கு ஒருமுறை பாருங்கள். கழுத்தடியிலுள்ள தீனிப்பை நிரம்பியிருந்தால் தாய் ஊட்டுகிறது என்று பொருள். இந்நாள்களில் முளைகட்டிய தானியமும் அவித்த முட்டையில் ஒரு சிறு கரண்டியும் தருக. இரண்டு மணி நேரத்தில் மீதியை அகற்றிவிடுக. ஏறத்தாழ ஐந்து வாரத்தில் குஞ்சு பானையைவிட்டு வெளிவரும்.

தோப்பு வீடுகளில் எறும்பு ஓரிரவில் ஒரு பானைக் குஞ்சுகளைத் தின்றுவிடும். கூண்டின் கால்களை நீர்க் கிண்ணங்களில் நிறுத்துவது பழைய உபாயம், பயனுள்ளது. சாரையும் எலியும் நுழையாதபடி கம்பிவலை அரை அங்குலக் கண்ணுக்கு மேற்படாதிருக்கட்டும். அடுக்களையில் கூண்டு வேண்டா. ஒட்டாத பூச்சுடைய வாணலி அளவுக்கு மீறிச் சூடேறினால் எழும் ஆவி, நமக்குத் தெரியாமலே பறவைகளைச் சில நிமிடங்களில் கொன்றுவிடும்.

வளர்ப்போரின் உடல்நலம் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். கிளிகளின் உலர்ந்த எச்சத் தூளினால் மனிதருக்குத் தொற்றும் காய்ச்சல் ஒன்று உண்டு; 1929, 1930ஆம் ஆண்டுகளில் பல நாடுகளில் பரவி உயிர்களைக் கவர்ந்தது. இன்று மருந்து உண்டு. எச்சத்தின் மீது நீர் தெளித்த பின்னரே துப்புரவு செய்யுங்கள். காய்ச்சலும் வறட்டு இருமலும் கண்டால், வீட்டில் கிளி வளர்ப்பதை மருத்துவரிடம் முதலிலேயே கூறிவிடுங்கள்.

இரண்டு ஈடு குஞ்சு எடுத்தபின் பானைகளை அவிழ்த்துவிட வேண்டும். பானை தொங்கும் வரை பெட்டை முட்டையிட்டுக்கொண்டேயிருக்கும். குஞ்சு விற்று வரும் காசுக்காக ஆண்டு முழுவதும் பானையைத் தொங்கவிடும் வீடுகளில் மூன்றாண்டு வாழ்ந்த பெட்டையைக் காண்பது அரிது. அடுத்த ஈட்டுக்குப் பானை கட்டும் முன் ஆறு மாத ஓய்வு கொடுங்கள். அம்மாதங்களிலும் முருங்கையும் கடல் நுரையும் கூண்டில் இருக்கட்டும்.