மிஷனரியைக் கூட்டி வந்தவர்கள்

(நாவலூரில் மாணவர்களும் இயக்கத் தோழர்களும் கூடிய கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



ஆதித் திருச்சபை எப்படி வளர்ந்தது, எப்படிப் பரவியது என்று பேசச் சொல்லியிருக்கிறீர்கள். வழக்கமாக இந்தத் தலைப்பில் பேசுகிறவர்கள் எருசலேமில் ஆரம்பித்து ரோமாபுரியில் முடிப்பார்கள். பரங்கிமலையும் சின்னமலையும் நமக்குப் பக்கத்திலேயே இருப்பதால் தோமாவையும் சேர்த்துக்கொள்வார்கள். கி.பி. 52இல் வந்தார், 72இல் இங்கே குத்திக் கொல்லப்பட்டார் என்பது மரபு. மரபை மரபாக வைத்துக்கொள்வோம். ஆனால் கேரளத்துச் சிரியன் குடும்பங்கள் பல, தோமா ஞானஸ்நானம் கொடுத்தது எங்கள் நம்பூதிரி மூதாதையருக்குத்தான் என்று பெருமையாகச் சொல்லிக்கொள்வதைக் கவனியுங்கள். அப்போஸ்தலன் கடல் தாண்டி வந்ததே பார்ப்பானைத் தேடித்தான் என்று ஆகிவிடுகிறது! நான் அந்தப் பக்கம் போகப் போவதில்லை.

நம்ம பிள்ளைகள் ரெண்டு பக்கமும் அடி வாங்குகிறார்கள். வெளியே ஒருத்தன் கேட்கிறான்: "கோதுமைக்கும் பால் பவுடருக்கும் மாறினவங்கதானே நீங்க?" சபைக்குள்ளே இன்னொருத்தர் சொல்கிறார்: "வெள்ளைக்காரத் துரை வந்துதான் உங்களைத் தூக்கிவிட்டார்." ஒன்று வசவு, இன்னொன்று பாராட்டு மாதிரி தெரியும். ரெண்டுக்கும் அடியில் கிடப்பது ஒரே எண்ணம்தான். சேரிக்காரனுக்குச் சொந்தமாக யோசிக்கத் தெரியாது. அவனை யாரோ ஒருத்தர் மாற்றத்தான் வேண்டும்.

முதலில் ரோமப் பேரரசைப் பார்ப்போம். கி.பி. 112 வாக்கில் பித்தினியா மாகாணத்து ஆளுநர் பிளினி, பேரரசன் டிராஜனுக்குக் கடிதம் எழுதுகிறான். கிறிஸ்தவர்கள் என்ன செய்கிறார்கள் என்று தெரிந்துகொள்ள ரெண்டு பெண்களைப் பிடித்துச் சித்திரவதை செய்ததாகச் சொல்கிறான். அந்தப் பெண்கள் அடிமைகள். ஆனால் சபையிலே ஊழியக்காரிகள் என்ற பொறுப்பில் இருந்தவர்கள். எஜமானன் வீட்டில் அடிமை, சபையில் தலைவி. அடுத்து கெல்சஸ் என்ற தத்துவவாதி, கி.பி. 178 வாக்கில் கிண்டல் அடிக்கிறான்: கம்பளி நெய்கிறவன், செருப்புத் தைக்கிறவன், துணி வெளுக்கிறவன் எல்லாம் வேதம் சொல்ல வந்துட்டானாம். பெண்களையும் பிள்ளைகளையும் ஒதுக்குப்புறமாகக் கூட்டிவைத்துப் பேசுகிறானாம். அந்தச் செருப்புத் தைக்கிறவன் தன்னைப் பற்றி எழுதினது ஒன்றும் நமக்குக் கிடைக்கவில்லை. திட்டினவன் எழுத்திலிருந்துதான் அவனைக் கண்டுபிடிக்க வேண்டியிருக்கிறது. நம்ம வரலாறும் அப்படித்தானே கிடக்கிறது?

அமெரிக்கச் சமூகவியலாளர் ராட்னி ஸ்டார்க் ஒரு கணக்குப் போட்டார். கி.பி. 40இல் ஆயிரம் பேர் என்று வைத்துக்கொண்டு, பத்து வருஷத்துக்கு 40 சதவீதம் கூடினால், 300 வாக்கில் அறுபது லட்சத்தைத் தாண்டும். அது மதிப்பீடுதான், தலையெண்ணிக்கை இல்லை. ஆனால் அதற்குப் பெரிய பிரசங்கிகளோ அற்புதங்களோ தேவையில்லை. சொந்தக்காரன் சொந்தக்காரனிடம், கூட வேலை பார்க்கிறவன் கூட வேலை பார்க்கிறவனிடம் பேசினாலே போதும். 165லும் 251 வாக்கிலும் கொள்ளைநோய் வந்தபோது, பயந்து ஓடாமல் நோயாளிக்குக் கஞ்சித்தண்ணி கொடுத்தார்கள் என்பதும் ஆள் சேர்ந்ததற்கு ஒரு காரணம்.

இப்போது நம்ம ஊருக்கு வருவோம். கன்னியாகுமரி மாவட்டம் மயிலாடி. அந்த ஊர்ச் சாம்பவர் ஒருவர், பெயர் மகாராசன். சிதம்பரத்துக்கு யாத்திரை போகிறார். போன இடத்தில் மனசு ஆறவில்லை. அங்கிருந்து தஞ்சாவூரில் இருந்த சொந்தக்காரர்களிடம் போகிறார். அவர்கள் ஏற்கெனவே கிறிஸ்தவர்கள். அங்கே ஞானஸ்நானம் பெற்று வேதமாணிக்கம் ஆகித் திரும்புகிறார். ஊரில் தன் சொந்தபந்தத்துக்குத் தானே போதிக்கிறார். அதுக்கப்புறம்தான் மிஷனரி. எங்க ஊருக்கு வாங்க என்று அவர் கேட்டுத்தான் லண்டன் மிஷனைச் சேர்ந்த ரிங்கல்தௌபே 1806இல் மயிலாடி வருகிறார். 1809இல் கோவில் எழும்புகிறது. 1816இல் ரிங்கல்தௌபே ஊரைவிட்டுப் போகும்போது பொறுப்பை வேதமாணிக்கத்திடமே விட்டுப்போகிறார். தென் திருவிதாங்கூர் புராட்டஸ்டண்ட் சபையின் தொடக்கம் இது. சொந்தக்காரன் வீட்டுத் திண்ணையில் ஆரம்பித்தது. ஸ்டார்க் கணக்குப் போட்டுச் சொன்னதை மயிலாடிக்காரர் நடந்தே காட்டியிருக்கிறார்.

இதோ நாவலூருக்குக் கிழக்கே பக்கிங்காம் கால்வாய் போகிறது. இன்றைக்குச் சாக்கடை மாதிரி கிடக்கிறது, ஐ.டி. கம்பெனி ஜன்னலிலிருந்து பார்த்தால் பச்சையாகத் தெரியும். இதே கால்வாய் வடக்கே ஆந்திரக் கடற்கரை வரைக்கும் போகும். 1876-78 தாது வருஷப் பஞ்சத்தில் பட்டினி கிடந்த ஜனங்களை வைத்து இதன் பகுதிகள் வெட்டப்பட்டன. ஓங்கோல் பக்கம் சுமார் மூன்று மைல் வெட்டுகிற கான்டிராக்டை எடுத்தவர் ஜான் கிளாவ், அமெரிக்கன் பாப்டிஸ்ட் மிஷனரி.

அவர் கதையைப் பின்னாலிருந்து சொல்லக் கூடாது, முன்னாலிருந்து சொல்லணும். அவர் ஓங்கோலுக்கு வந்த 1866லேயே எர்ரகுண்ட்ல பெரையா என்ற மாதிகா, தோல் வியாபாரம் செய்துகொண்டு ஊர் ஊராகச் சுற்றுகிறவர், தானே தேடிவந்து ஞானஸ்நானம் பெற்றார். தோல் வாங்கப் போன பாதையெல்லாம் வேதம் போன பாதை ஆனது. பார்ப்பனர்கள் கிளாவிடம் போய், "இவங்களைச் சேர்த்தால் நாங்க வரமாட்டோம்" என்றார்கள். கிளாவ் மாதிகாக்களோடு நின்றார். அதைப் பாராட்டத்தான் வேண்டும். ஆனால் முதலில் கதவைத் தட்டினவர் பெரையா.

பஞ்சம் வந்தபோது கால்வாயில் ஆயிரக்கணக்கான பேர் மண் சுமந்தார்கள். கங்காணி வேலை பார்த்தவர்கள் பெரையா மாதிரி உபதேசிமார்தான். அந்தக் காலம் முழுக்க கிளாவ் யாருக்கும் ஞானஸ்நானம் கொடுக்கவில்லை. சோத்துக்காக வந்தார்கள் என்ற பேச்சு வரும் என்று அவருக்கே தெரியும். பிறகு நிவாரணப் பணமும் தீர்ந்தது. அப்போது வந்தார்கள். 1878 ஜூலை 3ஆம் தேதி, குண்டலகம்மா ஆற்றில், ஒரே நாளில் 2222 பேர். கஞ்சி ஊற்றினபோது சேர்க்கவில்லை, ஊற்றி முடிந்த பிறகு சேர்ந்தார்கள். "கோதுமைக்கு மாறினவன்" என்கிறவனுக்கு இந்தத் தேதியைச் சொல்லுங்கள்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். சோறும் ஒரு காரணமாக இருந்தால்தான் என்ன? பசிக்கிறவன் சோறு கிடைக்கிற, மரியாதை கிடைக்கிற இடத்துக்குப் போவது புத்திசாலித்தனம். தானியக் குதிர் வைத்திருந்தவன் கேலி பேச இதில் என்ன இருக்கிறது?

நம்ம செங்கல்பட்டு ஜில்லாவில் பிரச்சினை குடிசை போட்ட மண்ணே நமக்கில்லை என்பது. மிராசுதாரன் கோபப்பட்டால் குடியிருப்பைக் காலிபண்ணச் சொல்லுவான். நம்ம ஜனங்கள் ஸ்காட்லாந்து மிஷன் ஆடம் ஆண்ட்ரூவிடமும் வெஸ்லியன் மிஷன் வில்லியம் கௌடியிடமும் போய்ச் சொன்னது மோட்சத்தைப் பற்றி மட்டும் இல்லை, இந்த மண்ணைப் பற்றியும்தான். கலெக்டர் டிரெமன்ஹீர் 1891இல் பறையர் நிலைமை பற்றி அறிக்கை எழுதினார். 1892 செப்டம்பர் 30இல் அரசாணை 1010 வந்தது. பஞ்சமி நிலம் என்று நாம் சொல்வது அதிலிருந்து வந்ததுதான். அந்த நிலத்தை மீட்கக் காரணையில் கிளம்பின போராட்டத்தில், 1994 அக்டோபர் 10 அன்று செங்கல்பட்டில் போலீஸ் சுட்டது. செத்தவர்கள் ஜான் தாமஸ், ஏழுமலை. ஒருத்தர் பெயர் வேதத்திலிருந்து வந்தது, இன்னொருத்தர் பெயர் திருப்பதியிலிருந்து வந்தது. துப்பாக்கிக்கு அந்த வித்தியாசம் தெரியவில்லை.

சரி, உள்ளே வந்த பிறகு என்ன நடந்தது? ஆதிச் சபையிலும் இது இருந்தது. கொரிந்து பட்டணத்துச் சபையில் வசதியானவர்கள் முன்னாடியே வந்து தின்று குடித்துவிடுகிறார்கள். வேலை முடிந்து லேட்டாக வருகிறவன் பட்டினி. பவுல் அதைக் கண்டித்து எழுதுகிறார். இது பந்தி பற்றின சண்டை, தோழர்களே. நம்ம ஊரில் அந்தச் சண்டை இன்னும் முடியவில்லை. கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன் 1833இல் சபைக்குள் சாதி கூடாது என்று உத்தரவு போட்டதும் வெள்ளாளக் கிறிஸ்தவர்கள் சபையைவிட்டே வெளியேறினார்கள். தஞ்சாவூர் வேதநாயக சாஸ்திரியார் சாதி வழக்கத்துக்கு ஆதரவாக எழுதினார். வடக்கன்குளம் கத்தோலிக்கக் கோவிலில் சாதிக்கொரு பக்கமாக நடுவில் சுவர். 1910இல் அதை இடித்தால், கோர்ட்டுக்குப் போனார்கள். திருச்சி மேலப்புதூர் கல்லறையில் செத்த பிறகும் சுவர். பேரரசன் கான்ஸ்டன்டைன் 313இல் சபைக்கு அங்கீகாரம் கொடுத்த பிறகு, அடிமையும் செருப்புத் தைக்கிறவனும் வளர்த்த சபை பிரபுக்கள் கையில் போனது. நமக்கு அதற்குப் பேரரசன்கூடத் தேவைப்படவில்லை, பங்குப் பேரவையே போதுமாக இருந்தது.

அரசாங்கமும் தன் பங்குக்கு ஒரு சுவர் கட்டியது. 1950 குடியரசுத் தலைவர் ஆணைப்படி இந்து அல்லாதவர் பட்டியல் சாதி ஆக முடியாது. 1956இல் சீக்கியர், 1990இல் பௌத்தர் சேர்க்கப்பட்டார்கள். கிறிஸ்தவரும் முஸ்லிமும் இல்லை. சென்னையில் சாலையோரம் செருப்புத் தைத்துக்கொண்டிருந்த சூசை என்பவர், பட்டியல் சாதித் தொழிலாளிகளுக்குக் கொடுத்த இலவசப் பெட்டிக்கடை தனக்கு மட்டும் மறுக்கப்பட்டதென்று உச்ச நீதிமன்றம் வரை போனார். மதம் மாறின பிறகும் அதே அளவு இழிவு தொடர்கிறது என்று நிரூபிக்கவில்லை என்று 1985இல் வழக்கைத் தள்ளினார்கள். கெல்சஸ் கிண்டல் அடித்த அதே தொழில். 2007இல் ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் மத நிபந்தனையை எடுக்கச் சொன்னது. எடுக்காமல், 2022இல் கே.ஜி. பாலகிருஷ்ணன் தலைமையில் இன்னொரு ஆணையம் போட்டார்கள்.

மாணவர்களுக்கு ஒரு வேலை வைத்திருக்கிறேன். நம்ம பக்கத்துப் பழைய சபைகளில் ஞானஸ்நானப் பதிவேடுகள் இருக்கும். போதகரிடம் கேட்டுப் பாருங்கள், தரவில்லையென்றால் திரும்பவும் கேளுங்கள். யார் பெயர், அப்பா பெயர், எந்தச் சேரி, எந்த வருஷம், யார் கூட்டிவந்தது என்று இருக்கிற வரைக்கும் நோட்டில் எழுதிக்கொண்டு வாருங்கள். வீட்டுப் பாட்டிமார் ஞாபகத்தையும் கூடவே குறித்துக்கொள்ளுங்கள். அடுத்த கூட்டத்தில் நான் பேசப் போவதில்லை. அந்த நோட்டுகளை வாசிப்போம்.