பிள்ளைகள் காணாத சமாதானம்



பெற்றோரின் சண்டை பிள்ளையின் மனதை என்ன செய்கிறது என்பதைப் பற்றிச் சிறிது பேச விரும்புகிறோம்.

"சின்னப் பிள்ளைக்கு என்ன விளங்கும்?" என்பது வழக்கமான பேச்சு. அமெரிக்காவின் ஒறிகன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2013இல் வெளியிட்ட ஆய்வில், 6 முதல் 12 மாதக் குழந்தைகள் உறங்கும்போது கோபக் குரலை ஒலிக்கவிட்டு, மூளையின் செயற்பாட்டைப் படம் பிடித்தார்கள். சண்டை மிகுந்த வீட்டுக் குழந்தைகளின் மூளை, மன அழுத்தத்தோடு தொடர்புடைய பகுதிகளில் கூடுதல் துலங்கலைக் காட்டியது.

வளர்ந்த பிள்ளை, சண்டைக்குத் தானே காரணம் என்று நினைக்கலாம். வயிற்றுவலி வரும், படிப்பில் கவனம் சிதறும். சில பிள்ளைகள் தொல்லையே தராத பிள்ளைகளாகிவிடுவார்கள். அவர்களின் பயம் யார் கண்ணிலும் படுவதில்லை.

சண்டையே இல்லாத வீடு எங்கும் இல்லை. ஆனால் சண்டை தீர்ந்ததைக் காணும் பிள்ளையின் கலக்கம் குறைகிறது என்பதை உளவியலாளர் மார்க் கமிங்ஸின் ஆய்வுகள் காட்டின. பல வீடுகளிலோ சண்டை பிள்ளையின் முன்னே நடக்கிறது. சமாதானம் சாத்திய கதவுக்குப் பின்னே நடக்கிறது. பேசாதிருக்கும் நாட்களில் பிள்ளையே தூது போகிறது.

அடி உதை உள்ள வீட்டுக்கு இது மருந்தல்ல. அங்கே பிள்ளையின் பாதுகாப்பே முதலாவது. தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையை 1929 என்ற இலக்கத்தில் அழைக்கலாம்.

மற்ற வீடுகளில், தாயாகவோ அம்மம்மாவாகவோ நாம் எந்த நாட்டில் இருந்தாலும், ஒன்றை உறுதிசெய்வோம். "அப்பாவும் அம்மாவும் கதைத்துத் தீர்த்துவிட்டோம், உன்னில் பிழை இல்லை" என்ற சொல் பிள்ளையின் காதுக்கும் எட்டட்டும்.