மேயர் நாற்காலியும் சுயேச்சை அபேட்சகரும்

கல்வியும் நற்பெயரும் பொதுப்பணியில் ஊக்கமும் ஒருங்கே வாய்த்த ஒருவர், எந்தக் கட்சியின் தயவையும் நாடாமல், பெங்களூரின் மேயராக வருதல் சாத்தியமா என்று நண்பர்கள் கேட்பதுண்டு. அவருடைய யோக்கியதையை ஆராயும் முன்னர், அந்த நாற்காலிக்குச் செல்லும் வழி எது என்று விசாரிப்பதே விவேகம் என்பது என் அபிப்பிராயம்.

பிரஜைகளே நேராக வாக்களித்து மேயரைத் தெரிந்தெடுக்கும் ஊர்களில் விந்தைகள் நிகழ்ந்திருக்கின்றன. கோரக்பூர் மக்கள் 2000-ஆம் ஆண்டில், பெரிய கட்சிகளின் அபேட்சகர்களையெல்லாம் ஒதுக்கிவிட்டு, சுயேச்சையாக நின்ற ஆஷா தேவி என்னும் திருநங்கையை மேயராக்கினார்கள். 2022-இல் காட்மாண்டு மாநகரம், பொறியியல் கற்றவரும் ராப் பாடகருமான பாலேன் ஷாவை, கட்சிச் சின்னம் ஏதுமின்றியே, அப்பதவியில் அமர்த்தியது.

பெங்களூரின் சம்பிரதாயமோ வேறு. மகாநகர பாலிகே என்ற மாநகராட்சி மன்றம் இருந்த காலத்தில், வார்டு மக்கள் தங்கள் கார்ப்பரேட்டரை அனுப்புவதோடு அவர்கள் அதிகாரம் முடிந்தது. பின்னர் அந்தக் கார்ப்பரேட்டர்களும், அவர்களோடு சட்டசபை, மேல்சபை, பாராளுமன்ற உறுப்பினர்களும் கூடி, ஓராண்டுக்கு ஒருவரை மேயராக்கினார்கள். அந்த ஆண்டு அப்பதவி எந்த வகுப்பினருக்கு ஒதுக்கப்பட்டது என்ற நிபந்தனை வேறு. 2015-ஆம் ஆண்டுத் தேர்தலில் 198 வார்டுகளில் பாரதிய ஜனதா 100, காங்கிரஸ் 76, மதச்சார்பற்ற ஜனதா தளம் 14 என்று வெற்றி பெற்றிருக்க, நூறு பெற்ற கட்சி வெளியே நிற்க, காங்கிரஸின் மஞ்சுநாத ரெட்டி மேயரானார் என்றால், அந்த வாக்காளர் கூட்டத்தின் கணக்கு எவ்வளவு விசித்திரமானது என்பது விளங்கும். மீதமிருந்த 8 பேர், பெரும்பாலும் சுயேச்சைகள், அந்தச் சில நாட்களில் அடைந்த மதிப்பு, அவர்களுடைய வார்டு மக்களே வியக்கத்தக்கதாயிருந்தது. இரு தரப்பாரும் அவர்களை வருந்தி அழைத்தார்கள். ஆயினும், அந்த மன்றம் இருந்த ஐந்தாண்டுகளிலும் மேயர் நாற்காலி கட்சிக்காரர்களுக்கே கிடைத்தது. சுயேச்சை அங்கே தராசின் படிக்கல். எடை போட உதவுவார், ஆனால் சரக்கு அவரல்ல.

நகரம் முழுவதும் அறிந்த பெயரிருந்தாலும் போதாது என்பதற்கும் உதாரணமுண்டு. மலிவுக் கட்டண விமானத் தொழிலில் புகழ்பெற்ற கேப்டன் கோபிநாத், 2009-இல் பெங்களூர் தெற்குப் பாராளுமன்றத் தொகுதியில் சுயேச்சையாக நின்று தோற்றார். வானத்தில் ஏழைக்கும் இடம் தந்தவருக்குத் தரையில் ஓட்டுக் கிடைக்கவில்லை! பத்திரிகை வாசிப்போர் வேறு, வாக்குச்சாவடிக்கு வருவோர் வேறு என்பதை இந்நகரம் பலமுறை கண்டிருக்கிறது.

மன்றத்தின் காலம் 2020 செப்டம்பரில் முடிந்தபின் ஐந்து ஆண்டுகள் தேர்தலின்றியே கழிந்து, 2025 செப்டம்பரில் பாலிகே மறைந்து, முதலமைச்சரின் தலைமையில் கிரேட்டர் பெங்களூர் ஆணையமும் அதன்கீழ் ஐந்து மாநகராட்சிகளும் தோன்றின. மேயரின் காலம் 30 மாதங்களாக நீண்டது. ஆனால் அவரைத் தெரிந்தெடுப்போர் இன்னும் மன்றத்தினரே. எனினும், வார்டுகள் 360-க்கு மேல் பெருகிச் சிறுத்திருப்பதால், அல்சூரிலோ சிவாஜிநகரிலோ சாக்கடைக்கும் குப்பைக்கும் காவேரித் தண்ணீருக்குமாகப் பல ஆண்டுகள் அலைந்து, தெருத்தெருவாக முகம் பழகிய ஒருவர், பெரும் பணமின்றியே கார்ப்பரேட்டராக வருதல் முன்னைவிட எளிது என்று நம்ப இடமிருக்கிறது. சிறிய மன்றமொன்றில் எந்தக் கட்சிக்கும் பெரும்பான்மை அமையாத சந்தர்ப்பத்தில், அத்தகையோர் நால்வர் ஐவர் பிரியாமல் நிற்பார்களாயின், மேயர் பதவியையே விலையாகக் கேட்கலாம். பிரியாமல் நிற்பார்களா என்பதில்தான் எனக்குச் சந்தேகம்.