நம் உடம்புக்குப் பொருந்தும் சைக்கிள்

(உடல்நல விழிப்புணர்வுக் கூட்டத்தில் அறக்கட்டளையின் சார்பில் ஆற்றிய உரை)

 

நாங்கள் நடத்தும் சர்க்கரை, இரத்த அழுத்தப் பரிசோதனை முகாம்களில் மருத்துவர்கள் பெரும்பாலோருக்கு ஒரே வார்த்தையைத்தான் சொல்லி அனுப்புகிறார்கள்: "தினமும் நடங்கள்." நடக்கப் புறப்பட்டவர்களில் பலர் பத்தே நாளில் முழங்கால் வலி என்று வீட்டில் உட்கார்ந்துவிடுகிறார்கள். அவர்களை மனதில் வைத்துத்தான் இன்று சைக்கிளைப் பற்றிப் பேசுகிறோம். சைக்கிளில் உடம்பின் பாரத்தைச் சீட் வாங்கிக்கொள்கிறது. காலுக்கு மிச்சம் மிதிக்கிற வேலை மட்டுமே. பெரியவர்களுக்கு வாரத்தில் 150 நிமிடமாவது மிதமான உடற்பயிற்சி வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். பஜ்ருக்குப் பிறகு அரை மணி நேரம், வாரத்துக்கு 5 நாள் மிதித்தால் அந்தக் கணக்கு முடிந்துவிடும்.

ஆனால் உடம்புக்குப் பொருந்தாத சைக்கிளில் ஏறினால் அதே முழங்கால் வலி திரும்ப வரும். கூடவே இடுப்பு வலியும் வரும். காசும் போய்விடும்.

கடைக்குப் போனவுடன் நாம் என்ன கேட்கிறோம்? கியர் இருக்கிறதா, ஷாக் அப்சார்பர் இருக்கிறதா, டிஸ்க் பிரேக் இருக்கிறதா என்று கேட்கிறோம். ஏறி உட்கார்ந்து பார்ப்பவர் குறைவு. முதலில் அதைத்தான் செய்ய வேண்டும். கடைப் பையனைச் சைக்கிளைப் பிடித்துக்கொள்ளச் சொல்லுங்கள். ஏறி உட்கார்ந்து, ஒரு பெடலை அடிவரை இறக்கி, அதன்மேல் குதிகாலை வையுங்கள். கால் நேராக நீள வேண்டும். மிதிக்கும்போது நாம் முன்பாதத்தைத்தானே வைக்கிறோம்? அப்போது முழங்கால் லேசாக மடங்கியிருக்கும். சீட்டுக்குச் சரியான உயரம் அதுவே. இரண்டு பாதமும் தரையில் முழுதாகப் பதிய வேண்டும் என்று பயந்து சீட்டை இறக்கி வைப்பவர்களுக்குத்தான் முழங்காலின் முன்பக்கம் வலிக்கிறது. புதிதாகப் பழகுகிறவர்கள் தாழ்வாகவே தொடங்கட்டும், தவறில்லை. பயம் போகப் போகக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றிக்கொள்ளலாம். நிற்கும்போது சீட்டிலிருந்து முன்னால் இறங்கி நிற்கப் பழகினால் போதும்.

ஹேண்டில்பார் சீட்டின் உயரத்துக்கோ அதற்குச் சற்று மேலாகவோ இருந்தால் முதுகு நிமிர்ந்து இருக்கும். குனிந்து ஓட்டும் பந்தய மாடல் இளைஞர்களுக்கு அழகாக இருக்கலாம். ஐம்பதைத் தாண்டியவருக்கு அது கழுத்து வலி. சீட்டிலும் ஒரு விஷயம். விரலால் அமுக்கிப் பார்த்து, மெத்தை போல அமுங்குவதைத் தேர்ந்தெடுக்கிறோம். அரை மணி நேரத்தில் அது நசுங்கி மரத்துப்போக வைக்கும். ஓரளவு உறுதியாக, உட்காரும் எலும்புகள் இரண்டும் பதிகிற அளவு பின்பக்கம் அகன்றிருப்பதே சுகம்.

கியருக்கு வருவோம். நம்முடையது கடற்கரை ஊர். மேடு என்று சொன்னால் ரயில்வே மேம்பாலம் ஒன்றுதான். இங்கே கியர் இல்லாத சைக்கிளே போதும். குன்னூர், ஏற்காடு பக்கம் இருப்பவர்களுக்குக் கியர் தேவை, அதை மறுக்கவில்லை. நம் உப்புக் காற்றில், வெளியே திறந்து கிடக்கும் கியர் செட் சீக்கிரம் துருப்பிடித்துச் செயின் குதிக்க ஆரம்பிக்கும். மலிவான சைக்கிளில் வரும் ஷாக் அப்சார்பரும் அப்படித்தான். எடையைக் கூட்டும், மிதிக்கிற பலத்தில் ஒரு பங்கைத் தின்னும். குண்டும் குழியுமான தெருவுக்கு அகலமான டயரும் சரியான காற்றும் போதும். எவ்வளவு காற்று என்பது டயரின் பக்கவாட்டிலேயே அச்சிட்டிருக்கும்.

சகோதரிகளுக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். அபாயா, புடவை, சுடிதார் எதுவானாலும் குறுக்கே பார் இல்லாத லேடீஸ் மாடல் ஏறி இறங்க எளிது. செயினை முழுதாக மூடும் கவரும், பின் சக்கரத்தில் துணி சிக்காமல் தடுக்கும் சாரி கார்டும் இல்லாமல் வாங்காதீர்கள். "இந்த வயதில் சைக்கிளா, ஊர் என்ன சொல்லும்?" என்று கேட்கிறீர்கள். 1990-களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் நடந்தபோது, அன்றைய ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் ஊக்குவிக்க, கிராமத்துப் பெண்கள் ஆயிரக்கணக்கில் சைக்கிள் கற்றார்கள். முஸ்லிம் பெண்களும் அதில் இருந்தார்கள். பத்திரிகையாளர் பி. சாய்நாத் இதை விரிவாக எழுதியிருக்கிறார். லேடீஸ் சைக்கிள் தட்டுப்பாடானபோது அவர்கள் ஜென்ட்ஸ் சைக்கிளை வாங்கினார்கள். முன் பாரில் குழந்தையை உட்கார வைக்கலாம் என்பதற்காக அதையே விரும்பியவர்களும் உண்டு. தன் தேவையைப் பார்த்து வாங்குவது என்றால் இதுதான்.

விலை விஷயத்தில் வெளிப்படையாகப் பேசுவோம். வெளிநாட்டிலிருந்து விடுமுறையில் வரும் வாப்பா, மகன் கேட்டான் என்று பல ஆயிரங்களைக் கொட்டி ஒரு கியர் சைக்கிள் வாங்கித் தருகிறார். மகன் பைக்குக்கு மாறியதும் அது மொட்டை மாடியில் மழையில் நனைகிறது. இதைத் தவணையில், வட்டி கட்டி வாங்குவோரும் இருக்கிறார்கள். வேண்டவே வேண்டாம்.

முதலில் உங்கள் வீட்டு மாடிப்படிக்கு அடியில் பாருங்கள். பிளஸ் ஒன் படித்தபோது பிள்ளைக்கு அரசு கொடுத்த விலையில்லா சைக்கிள் அங்கே தூசி படிந்து நிற்கும். சக்கரத்துக்குப் பெண்டு எடுத்து, பால்ஸ் மாற்றி, கிரீஸ் வைத்து ஓவராயிலிங் செய்தால் பல வருடம் ஓடும். டயர் வெடித்திருந்தால் செலவு கூடும், அப்போதும் புதிய சைக்கிளின் விலை வராது. உம்மாவின் உயரத்துக்குச் சீட் இறங்குகிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

பழைய சைக்கிளை வெளியில் வாங்குகிறவர்கள் பெயின்ட் பளபளப்பில் மயங்க வேண்டாம். ஃபிரேமின் பற்றவைப்பு இடங்களில் கீறல் இருக்கிறதா பாருங்கள். சக்கரத்தைத் தூக்கிச் சுற்றினால் ஆடாமல் சுற்ற வேண்டும். பெடல் கட்டையைப் பிடித்துப் பக்கவாட்டில் அசைத்தால் லொடலொட என்று ஆடக்கூடாது. பிரேக்கை அழுத்திக்கொண்டு தள்ளிப் பாருங்கள். பில் இருந்தால் கேட்டு வாங்குங்கள், திருட்டுச் சைக்கிள் நம் வாசலுக்கு வரக்கூடாது.

இன்சுலின் போடுகிறவர்களும் சர்க்கரை மாத்திரை சாப்பிடுகிறவர்களும் வெறும் வயிற்றில் கிளம்பாதீர்கள். சட்டைப் பையில் இரண்டு மிட்டாய் இருக்கட்டும். இதய நோய் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள். பஜ்ர் முடிந்து வரும்போது இருட்டு விலகியிருக்காது. பின்னால் சிவப்பு விளக்கு, தலைக்கு ஹெல்மெட் இரண்டும் அவசியம். கியருக்குக் கொடுக்க நினைத்த பணத்தை இதற்குக் கொடுங்கள்.

வரும் ஞாயிறு அசருக்குப் பிறகு மதரஸா முற்றத்துக்கு வீட்டில் இருக்கும் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வாருங்கள். மெக்கானிக் ஒருவர் இருப்பார். யாருக்காகக் கொண்டு வருகிறீர்களோ அவரையும் அழைத்து வாருங்கள், சீட்டின் உயரத்தை அவரை உட்கார வைத்துத்தான் பார்க்க முடியும். பெண்களுக்கு மகரிப் வரை தடுப்புக்கு உள்பக்கம் தனி இடம் ஏற்பாடு செய்திருக்கிறோம்.