வளைகாப்புத் தட்டில் அந்த டப்பா எதற்கு?



வெளியூர்க்காரங்க நம்ம ஊர்ப் பேரைக் கேட்டதும், "அருவியில தண்ணி விழுதா?"ன்னு கேட்பாங்க. (சிரிப்பு) ஐயா, அது குற்றாலம். இது காவிரிக்கரைக் குத்தாலம். இங்கே அருவி இல்லை, குளம் உண்டு. சுந்தரருக்குத் தோலில் வந்த பிணி, இந்தத் திருத்துருத்திக் குளத்தில் மூழ்கி எழுந்ததும் தீர்ந்தது என்கிறது பெரிய புராணம். தோலைப் பற்றிப் பேச இதைவிட ராசியான மேடை ஏது?

"மாசமா இருக்கிறவ சிங்காரிச்சுக்கக் கூடாதா?"ன்னு எதிரணித் தலைவி கேட்டாங்க. யாரம்மா கூடாதுன்னா? பூ வையுங்க, சந்தனம் பூசுங்க, தேங்காய் எண்ணெய் தடவுங்க. என் வழக்கு அந்தச் சிவப்பழகு டப்பாவோடதான்.

ஐந்தாம் மாதம், ஆறாம் மாதம் கன்னத்தில் மங்கு விழும். உடம்பில் ஹார்மோன் கூடுவதால் வருவது. பிரசவத்துக்குப் பிறகு பெரும்பாலும் தானே மங்கும். அதுவரை பொறுக்குதா வீடு? "என்னடி, முகம் கறுத்துப் போச்சே"ன்னு நாத்தனார் ஒரு வார்த்தை. உடனே டப்பா வந்துரும். அதில் பேர் இருக்கும், படம் இருக்கும்; தயாரித்தவன் விலாசம் மட்டும் இருக்காது!

கதை கட்டவில்லை, நடுவர் அவர்களே. 2023-இல் கேரளாவில் மலப்புரம் மாவட்டம் கோட்டக்கல்லில், சிறுநீரில் புரதம் ஒழுகும் நோயோடு அடுத்தடுத்து ஆட்கள் வந்தாங்க. மருத்துவர்கள் துருவித் துருவிக் கேட்டதில், பலர் பூசியது சிவப்பழகு கிரீம். உள்ளே பாதரசம்! முகக் கிரீமில் தவறிக் கலந்தால்கூடப் பத்து லட்சத்தில் ஒரு பங்குக்கு மேல் அது இருக்கக் கூடாது என்கிறது நம் நாட்டின் 2020-ஆம் ஆண்டு விதி. பாதரசம் தோல் வழியே ரத்தத்துக்குப் போகும். தாயின் சிறுநீரகத்தைக் கெடுக்கும், கருவையும் எட்டும். பூசினவர் துடைத்த துண்டு, படுத்த தலையணை வழியாக வீட்டுக் குழந்தைகளுக்கும் ஒட்டும். மாமியார் பூசினாலும் மருமகளுக்கு ஆபத்து. இதில் மட்டும் எவ்வளவு ஒற்றுமை பாருங்க! (கைதட்டல்)

பருவுக்குப் போடுகிற ஐசோட்ரெட்டினாயின் மாத்திரை இன்னும் கொடியது. சிசுவின் மூளை, இதயம், காது எல்லாவற்றிலும் குறை உண்டாக்கும். அதைச் சாப்பிடுகிற பெண், நிறுத்தி ஒரு மாதமாவது கழித்துத்தான் கருத்தரிக்கலாம். ட்ரெட்டினாயின் களிம்பையும் அந்தப் பத்து மாதம் தொட வேண்டாம். பக்கத்து வீட்டு அக்காவுக்கு டாக்டர் எழுதின சீட்டை நீங்க நீட்டாதீங்க!

மருதாணியா? அரைத்து வையுங்க, ராத்திரி பூரா காத்திருங்க. அரை மணியில் கன்னங்கரேல்னு பிடிக்கிற கோன் மருதாணியே இல்லை, அதில் தலைச்சாயம் கலந்திருக்கும். கை கொப்பளித்துப் போகும்.

ஆகவே நடுவர் அவர்களே, வளைகாப்புத் தட்டில் பூ இருக்கட்டும், வளையல் இருக்கட்டும், ஏழு வகைச் சோறும் இருக்கட்டும். அந்த விலாசமில்லா டப்பாவை மட்டும் உங்கள் தீர்ப்பால் எடுத்துவிடுங்கள் என்று கேட்டு அமர்கிறேன்.