சுருட்டும் ஏலக்காயும்

(பழைய மாணவர் சங்கமத்தில் ஆற்றிய உரை)



பொறியாளர் என்றால் மோட்டாரைப் பற்றியோ பாலத்தைப் பற்றியோ பேசுவார் என்று நினைத்திருப்பீர்கள். நான் சுருட்டைப் பற்றிப் பேசப் போகிறேன். முதல்வர் ஐயா பதற வேண்டாம். கல்லூரிக்கு நூறு கஜத்துக்குள் புகையிலை விற்கத்தான் 2003-ஆம் ஆண்டுச் சட்டம் தடை போட்டிருக்கிறது. பேசத் தடை இல்லை!

சுருட்டு நமக்கு அந்நியச் சரக்கல்ல. போடியில் பஸ் ஏறினால் சில மணி நேரத்தில் திண்டுக்கல். அந்தச் சீமைப் புகையிலையில் உருண்ட திருச்சி சுருட்டு லண்டன் வரை போனது. 1887-இல் வந்த முதல் ஷெர்லக் ஹோம்ஸ் நாவலிலேயே, தரையில் கிடந்த சாம்பலைப் பார்த்து ‘இது திருச்சி சுருட்டு’ என்று ஹோம்ஸ் கண்டுபிடிக்கிறார். வேடசந்தூரில் புகையிலை ஆராய்ச்சி நிலையமும் உண்டு.

ஆனால் உலகம் உச்சத்தில் வைத்திருப்பது கியூபா சுருட்டைத்தான். வேலை நிமித்தம் ஈரப்பதக் கருவிகளோடு பழகுகிறவன் நான். மூத்த பொறியாளர் ஒருவர், பத்து வருஷம் பக்குவமாக வைத்திருந்த சுருட்டு ஒன்றை எங்களுக்குக் காட்டினார். முதலில் பெட்டியைக் கவிழ்த்தார். அடியில், பெட்டி கட்டின மாதமும் வருஷமும் முத்திரை குத்தியிருந்தது. பிறகு சுருட்டை விரலால் மெல்ல அமுக்கினார். நொறுங்கினால் காய்ந்துவிட்டது, சொதசொதத்தால் ஈரம் அதிகம். மேல் இலையில் எண்ணெய்ப் பளபளப்பு தெரிகிறதா, குண்டூசி ஓட்டை இருக்கிறதா என்று பார்த்தார். ஓட்டை இருந்தால் புகையிலை வண்டு புகுந்துவிட்டது என்று அர்த்தம். பற்ற வைக்காமலே முகர்ந்தார். நுனியை வெட்டி, வெறுமனே ஒரு இழுப்பு இழுத்துப் பார்த்தார். அதன் பிறகுதான் நெருப்பு. அதுவும் நிமிஷத்துக்கு ஒரு இழுப்பு. புகையை நெஞ்சுக்குள் விடவில்லை, வாயிலேயே நிறுத்தினார். அவசரப்பட்டு இழுத்தால் சூடேறிக் கசக்கும் என்றார்.

அந்தப் பத்து வருஷம் என்ன செய்தது? புகையிலையைக் குவியலாகப் போட்டுப் புளிக்க வைக்கும்போது அம்மோனியா கிளம்புகிறது. புதுச் சுருட்டில் அதன் நெடி மிச்சம் இருக்கும். சீடர் மரப்பெட்டியில், 65 முதல் 70 சதவீத ஈரப்பதத்தில், குளுமையாக வைத்தால் வருஷம் போகப் போக நெடி தணியும், காரம் அடங்கும். ஈரம் மிஞ்சினால் பூஞ்சை. வெக்கை கூடினால் வண்டு. காலம் மட்டும் போதாது, காவலும் வேண்டும்.

இதைக் கேட்டபோது எனக்கு நம்ம ஊர் ஏலக்காய்தான் ஞாபகம் வந்தது. ஏலத்தையே ஏலம் விடும் ஊர்க்காரர்கள் இல்லையா நாம்! இங்கேயும் கண், விரல், மூக்கு இந்த மூன்றும்தான் நீதிபதி. ஆனால் கணக்கு நேர் எதிர். சுருட்டுக்குக் காலம் நண்பன். ஏலக்காய்க்குக் காலம் எதிரி. பறித்த காயில் ஏறக்குறைய 80 சதவீதம் தண்ணீர். தாமதிக்காமல் ஸ்டோரில் ஏற்றி, ஐம்பது டிகிரியை ஒட்டிய சூட்டில் பத்துப் பன்னிரண்டு சதவீதத்துக்குக் கொண்டு வர வேண்டும். சூடு எகிறினால் காய் வெடிக்கும், பச்சை போய் மஞ்சளடிக்கும். காய்ந்த பிறகும் வெளிச்சம் பட்டால் நிறம் வெளுக்கும். அதனால்தான் கறுப்பு பாலிதீன் உள்ளுறை போட்ட சாக்கு. தோலை உரித்து வைத்தால் வாசனை ஓடிவிடும். ஒரு ராத்திரி ஸ்டோர்க்காரர் கண் அயர்ந்தால், மலையில் பல மாதம் பட்ட பாடு ஏலத்தில் விலை இறங்கிப் போகும்.

எது காத்திருந்தால் கனியும், எது காத்திருந்தால் கெடும் என்று தெரிவதுதான் ரசனை. பொறியியலும் அதுதான் என்பேன்.

கியூபாவில் சுருட்டு உருட்டுகிறவர்களுக்கு ஒருவர் உட்கார்ந்து பத்திரிகையும் நாவலும் வாசித்துக் காட்டும் வழக்கம் 1865-இல் தொடங்கியது. ‘மாண்டிகிறிஸ்டோ’ என்ற சுருட்டின் பெயரே அப்படிக் கேட்ட நாவலில் இருந்து வந்ததுதான். தொழிலாளியின் காதுக்கும் அங்கே மரியாதை இருந்தது. நம் ஊரில் காய் பொறுக்கும் அக்காமார்களின் கண்ணையும், ஸ்டோர்க்காரரின் மூக்கையும் யார் எழுதி வைத்தார்கள்? அவர்களோடு அந்த வித்தையும் போய்விடக் கூடாது.

மாணவத் தம்பி தங்கைகளே, சுருட்டு உங்களுக்கு வேண்டாம். புகையை உள்ளே இழுக்காவிட்டாலும் வாய்ப் புற்றுநோய் வரும்; அந்த ரசனைக்கு விலை அதிகம். ப்ராஜெக்ட்டுக்குத் தலைப்புத் தேடி அலையாமல், ஒரு சீசன் ஈரப்பத மீட்டரும் நோட்டுமாக ஸ்டோருக்குப் போங்கள். மீட்டர் சொல்வதை ஒரு பக்கம், ஸ்டோர்க்காரர் சொல்வதை மறு பக்கம் எழுதுங்கள். இரண்டும் எங்கே வேறுபடுகிறதோ, அங்கேதான் நீங்கள் படிக்க வேண்டிய பாடம் இருக்கிறது. மீட்டர் வாங்கித் தரும் செலவு எங்கள் செட்டுடையது.