புஷ்பக் என்னும் சிறு விமானம்

(நீலசந்திராவில் நம் சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



விழாக் குழுவினர் எமக்கு அளித்த பொருள் 'சொந்த விமானம்' என்பதாகும். இதனைக் கேள்வியுற்ற அன்பர் ஒருவர், "ஒரு ஸ்கூட்டர் வாங்குவதற்கே மூன்று ஆண்டு சீட்டுக் கட்டுகின்ற நம் குடும்பங்களுக்கு விமானப் பேச்சு எதற்கு?" என்று நகைத்தார். அவர் கேட்டது முறையே. ஆயினும் யாம் பேசப் புகுவது செல்வர் வீட்டு விமானத்தைப் பற்றியன்று. நம் நீலசந்திராவிற்குக் கிழக்கே ஆறேழு கிலோமீட்டர் தொலைவில் செய்யப்பட்டதும், நம் குடும்பத்துப் பெரியவர் சிலரின் கைபட்டதுமான ஒரு சிறு விமானத்தைப் பற்றியதேயாகும். அதன் பெயர் புஷ்பக்.

தனியொருவர் ஏறிச் செல்லும் விமானம் என்னும் எண்ணம் தமிழர்க்குப் புதிதன்று. சீவக சிந்தாமணியில் சச்சந்தன் என்னும் மன்னன், கருவுற்றிருந்த தன் தேவி விசயைக்காக மயில் வடிவில் ஒரு பொறியைச் செய்விக்கின்றான். அதனைச் செலுத்த அவள் முன்னரே பழகிக்கொள்கின்றாள். கட்டியங்காரன் அரண்மனையை வளைத்த நாளில் தனியே ஏறிப் பறக்கின்றாள். பகைவனின் வெற்றி முரசு கேட்டு அவள் மயங்கிச் சாய, பொறி சுடுகாட்டில் இறங்குகின்றது. புலவர் பெருமக்கள் இவ்விடத்தில் அவலச் சுவையைக் காண்பர். விமானத் தொழிலில் இருந்தவர்க்கோ வேறொன்று புலப்படும். செலுத்துவோர் கை தளர்ந்தபோதும் அப்பொறி கல்லைப் போல் விழவில்லை. மெல்லத் தாழ்ந்து தரையை அடைந்தது. நல்ல சிறு விமானத்தின் இலக்கணமும் இதுவே. எஞ்சின் நின்றுவிடினும் அது இறக்கையின் வலியால் சறுக்கிவந்து, ஒரு புன்செய் வெளியிலேனும் இறங்க வல்லது.

நிற்க. கற்பனையை விடுத்து நடந்ததற்கு வருவோம். 1909 ஜூலை மாதத்தில் பிளேரியோ என்னும் பிரெஞ்சுக்காரர் ஆங்கிலக் கால்வாயைப் பறந்து கடந்தார். மறு ஆண்டு மார்ச்சு மாதத்திலேயே நம் சென்னையை அடுத்த பல்லாவரத்தில் ஒரு சொந்த விமானம் பறந்தது. அதற்கு உரியவர் சென்னை மவுண்ட் ரோட்டில் ஓட்டல் நடத்திய டி ஆஞ்சலிஸ் என்பவர். அதனைக் கட்டியவர்களோ குதிரை வண்டிகளும் மோட்டார் வண்டிகளும் கட்டிவந்த சிம்ப்சன் கம்பெனியார். இதில் வியப்படைய வேண்டியதில்லை. மரத்தை எடை குறைய இழைப்பதும், துணியை மடிப்பின்றி இழுத்துப் போர்த்துவதும், ஆணியும் கம்பியும் கொண்டு இறுக்குவதும் வண்டித் தச்சர்க்குக் கைவந்த கலை. அக்காலத்து விமானம் என்பது வண்டித் தச்சரின் தொழிலோடு ஓர் எஞ்சின் சேர்ந்ததேயன்றி வேறில்லை.

பின்னர் 'மாத்' என்னும் பெயருடைய சிறு விமானங்களின் காலம் வந்தது. 1929 பிப்ரவரி 10-ஆம் நாள் ஜே.ஆர்.டி. டாட்டா அவர்கள் இந்தியாவிலேயே முதன்முதலாக வழங்கப்பெற்ற விமானி உரிமத்தைப் பெற்றார். பின்னர், இங்கிலாந்துக்கும் இந்தியாவுக்கும் இடையே தனியே பறந்து முடிக்கும் முதல் இந்தியர்க்குப் பரிசளிப்பதாக ஆகா கான் அறிவித்தார். டாட்டா கராச்சியிலிருந்து மேற்கு நோக்கிப் புறப்பட்டார். அஸ்பி எஞ்சினியர் என்னும் இளைஞர் இங்கிலாந்திலிருந்து கிழக்கு நோக்கி வந்தார். இருவரும் எகிப்து நாட்டின் அபுக்கீர் என்னும் இடத்தில் சந்தித்தனர். அஸ்பியின் விமானம் ஸ்பார்க் பிளக் ஒன்றின்றி நின்றிருந்தது. டாட்டா தம்மிடம் மிகுதியாக இருந்த ஒன்றைப் போட்டியாளருக்கே எடுத்துக் கொடுத்தார். பரிசு அஸ்பிக்குக் கிட்டியது. கைம்மாறு கருதாத அந்தக் கொடையைவிட எம் உள்ளத்தைக் கவர்வது, ஒரு கண்டத்தைக் கடக்கும் பயணம் விரலளவுள்ள ஒரு பொருளுக்காக நின்றது என்பதே. சிறு விமானத்தை வைத்திருப்போர் எவரும் இதனை மறப்பதில்லை. அந்த அஸ்பியே பிற்காலத்தில், 1960-இல் விமானப் படைத் தலைவராவதற்கு முன்பு, நம் பெங்களூர் விமானத் தொழிற்சாலையின் நிருவாக இயக்குநராக இருந்தார்.

அத்தொழிற்சாலை 1940 டிசம்பரில் வால்சந்த் ஹிராசந்த் அவர்களால் மைசூர் அரசாங்கத்தின் துணையுடன் தொடங்கப்பெற்றது. போர்க்காலத்தில் அங்கே பழுதுபார்க்கும் வேலையே மிகுதி. 1951 ஆகஸ்டில் டாக்டர் காட்கே அவர்களின் குழு வடிவமைத்த எச்.டி.-2 என்னும் பயிற்சி விமானம் பறந்தது. அதன் புகழை எல்லோரும் பேசுவர். ஏழாண்டு கழித்து, 1958 செப்டம்பர் 28-ஆம் நாள் பறந்த புஷ்பக்கைப் பேசுவோர் குறைவு. அமெரிக்காவில் ஒகையோ மாகாணத்தில் செய்யப்பட்ட 'ஏரோங்கா சீஃப்' என்னும் சிறு விமானத்தைத் தழுவி அது உருவாக்கப்பட்டது. ஏறத்தாழ 160 விமானங்கள் கட்டப்பட்டன. ஜெட் விமானங்களை எண்ணிப் பெருமிதம் கொள்வோர்க்கு அது ஒரு விளையாட்டுப் பொருளாகத் தோன்றலாம். ஆயினும் நாடெங்கும் பறக்கும் கழகங்களில் எத்தனையோ இளைஞர் முதன்முதல் தரையை விட்டு எழுந்தது அதன் மடியிலிருந்துதான்.

அதன் அளவைக் கேளுங்கள். இறக்கையின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை சுமார் 36 அடி. மூக்கிலிருந்து வால் வரை 21 அடி. வெறும் எடை நானூறு கிலோகிராமுக்கும் சற்றுக் குறைவு. இருவர் அருகருகே அமரலாம். எஞ்சின் 90 குதிரைத்திறன். வேகம் மிகுந்து போனால் மணிக்கு 145 கிலோமீட்டர். ஒருமுறை பெட்ரோல் நிரப்பினால் 400 கிலோமீட்டர் செல்லும். இங்கிருந்து சென்னை வான்வழியே ஏறத்தாழ 290 கிலோமீட்டராதலால், காற்று எதிர்க்காவிடின் இரண்டு மணி நேரத்திற்குச் சற்றுக் கூடுதலாகப் பறந்து போய்ச் சேரலாம். நம் ஊரில் இன்னுமொரு இடர்ப்பாடு உண்டு. பெங்களூர் கடல் மட்டத்திற்கு ஏறத்தாழ 3,000 அடி உயரத்தில் உள்ளது. காற்று மெலிந்திருப்பதால் எஞ்சின் தன் வலியில் ஏறக்குறையப் பத்தில் ஒரு பங்கை இழந்துவிடும். இறக்கையைத் தாங்கும் காற்றும் குறைவு. சென்னையில் துள்ளி எழும் விமானம் நம் ஜக்கூர்த் திடலில், அதுவும் சித்திரை வெயிலில், நெடுந்தூரம் ஓடிய பின்னரே எழும்.

ஜக்கூர் என்றவுடன் நம்மவர் இருவரை நினையாதிருக்க முடியவில்லை. அங்குள்ள அரசினர் விமானப் பயிற்சிப் பள்ளிக்குத் தலைமை வகித்தவர் கேப்டன் வி. சுந்தரம். அப்பள்ளியில் 1949-இல் தேறி, அங்குத் தேறிய முதல் பெண்மணி என்னும் பெயரைப் பெற்றவர் அவர்தம் மனைவி உஷா சுந்தரம். சென்னை அரசாங்கத்திற்கென வாங்கிய 'டவ்' விமானத்தை இவ்விருவருமே 1951-இல் இங்கிலாந்திலிருந்து 27 மணி நேரத்தில் இந்தியாவிற்குக் கொண்டுவந்தனர். பின்னாளில் சென்னையில் விலங்குகளைப் பேணும் புளூ கிராஸ் சங்கத்தைத் தொடங்கியவரும் அவர்களே. நம் பெண்மக்கள் இச்செய்தியை நினைவிற் கொள்க.

புஷ்பக்கின் உடல் எஃகுக் குழாய்களைப் பற்றவைத்த கூடு. மேலே போர்த்தியிருப்பது தகடன்று, துணி. இத்தகைய பழைய விமானங்களுக்குப் பருத்தித் துணியையோ லினன் துணியையோ போர்த்துவது வழக்கம். இறக்கையின் விலாக்கள் ஒவ்வொன்றோடும் துணியைச் சேர்த்து, ஒரு முழ நீளமுள்ள ஊசியாலும் மெழுகிட்ட நூலாலும் தைப்பர். மேலிருந்து குத்திய ஊசி கீழே வரும். கீழிருந்து குத்தியது மேலே வரும். ஒவ்வொரு தையலுக்கும் தனித்தனியே முடிச்சு. ஒன்று அறுந்தால் அடுத்தது அவிழக்கூடாது என்பதற்காக அவ்வாறு செய்வர். பின்னர் 'டோப்' என்னும் கரைசலைப் பூசுவர். அது உலர உலரத் துணி சுருங்கி, மத்தளத் தோலைப் போல் இறுகும். விரலால் தட்டினால் ஒலிக்கும். வெயில் துணியின் இழையை அரித்துவிடுமாதலால் அலுமினியப் பொடி கலந்த பூச்சும் இட வேண்டும். அந்த டோப்பின் மணம் கனிந்த வாழைப்பழத்தை ஒத்தது என்பர். எம் தெருவில் வாழும் முதியவர் ஒருவர், வேலையை விட்டுப் பல்லாண்டு ஆகியும், சந்தையில் வாழைத்தாரைக் கண்டால் பணிமனை நினைவு வருகின்றது என்று சொல்வதுண்டு. முடிச்சை அவர் இன்றும் கண்ணை மூடிக்கொண்டு போடுவார். அம்முடிச்சை அவரிடம் கற்றுக்கொண்டவர் எவரும் இலர்.

இதன் எஞ்சினுக்குச் சாவி திருப்பித் தொடங்கும் வசதி கிடையாது. ஒருவர் முன்னே நின்று புரொப்பெல்லரைக் கையால் சுழற்ற வேண்டும். உள்ளே இருப்பவர் சுவிட்சை அணைத்திருப்பதாக உரக்கச் சொல்வார். வெளியே நிற்பவர் அதைத் திருப்பிச் சொல்வார். பிறகே கை வைப்பர். குரல் மாறினால் கை போய்விடும். தந்தையும் மகனும் ஆயினும், அதிகாரியும் கடைநிலை ஊழியரும் ஆயினும், அந்நேரத்தில் இருவர் சொல்லும் ஒரே மதிப்புடையன. வானொலிக் கருவியும் பெரும்பாலும் இல்லாமையால், கீழே தெரியும் ஏரி, இருப்புப் பாதை, கோயில் கோபுரம் ஆகியவற்றைக் கண்டே வழியறிய வேண்டும். நம் மாணவர் கேட்கக்கூடும்: இதனைச் செலுத்த என்ன தகுதி? தனியார் விமானி உரிமத்திற்கு 17 வயதும், 40 மணி நேரப் பறத்தலும், உடல்நலச் சான்றும், தேர்வுகளும் வேண்டும். பணம் வேண்டும் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

இனி எம் உள்ளத்தை உறுத்துகின்ற ஒன்றைக் கூறுவோம். புஷ்பக்கின் உடன்பிறப்பாகிய ஏரோங்கா விமானங்கள், 1940-களில் பிறந்தவை, இன்றும் அமெரிக்காவில் நூற்றுக்கணக்கில் உள்ளன. அவற்றிற்குப் பிற்பட்டுப் பிறந்த நம் புஷ்பக்கை வானில் காண்பதோ அரிதினும் அரிது. இதற்குக் காரணம் என்ன? செல்வம் ஒன்றே என்று சொல்லி ஒதுங்குவது எளிது. யாம் அவ்வாறு கருதவில்லை. அங்கே ஒவ்வொரு விமானத்திற்கும் ஒரு வீடு இருந்தது. ஞாயிற்றுக்கிழமைதோறும் அதைத் துடைக்கின்ற ஒருவன் இருந்தான். அவனுக்குப் பின் அவன் மகனோ நண்பனோ இருந்தான். புஷ்பக்கோ பெரும்பாலும் கழகங்களுக்கு உரியது. கழகம் நலிந்தபோது அதனைத் தன்னுடையது என்று சொல்ல ஆளில்லை. கொட்டகையில் நின்ற விமானத்தின் துணி நைந்தது. எலி கூடு கட்டியது. பின்னர் எடைக்குப் போயிற்று.

ஆனால் இதன் மறுபுறத்தையும் மறைத்தல் ஆகாது. அது தனியார் உடைமையாக மட்டும் இருந்திருக்குமானால், எழுத்தர் மகனும் ஆசிரியர் மகளும் அதில் ஏறியிருப்பரோ? அரசாங்கம் பொருளுதவி செய்து கழகத்தில் வைத்ததனாலன்றோ ஏற முடிந்தது! பொதுவாக இருந்ததனால் பலர்க்குப் பயன்பட்டது. பொதுவாக இருந்ததனாலேயே காப்பாரின்றி அழிந்தது. இரண்டும் உண்மையே. இவ்விரண்டையும் ஒருங்கே தீர்க்கும் வழியை எம்மால் கூற இயலவில்லை. ஒரு பத்துப் பேர் கூடி ஒன்றைப் பேணும் முறை பிற நாடுகளில் உண்டு. நம் சீட்டுக் கட்டும் பழக்கத்திற்கு அது பொருத்தமானதே என்று சொல்லி, முன்பு நகைத்த அன்பருக்கு விடையளிக்கின்றோம்.

பேணினால் என்ன ஆகும் என்பதற்குச் சான்று உண்டு. 1932 அக்டோபர் 15-இல் கராச்சியிலிருந்து பம்பாய்க்குத் தபால் கொண்டுவந்த பயணத்தை, ஐம்பது ஆண்டு கழித்து 1982-இல் டாட்டா அவர்கள் 78-ஆம் வயதில் மீண்டும் நிகழ்த்தினார். அவர் ஏறிச் சென்றது 1930-களின் வடிவமைப்பாகிய 'லெப்பர்டு மாத்' விமானம். 2012 அக்டோபர் 8-ஆம் நாள் விமானப் படை விழாவில் தில்லிக்கருகே ஹிண்டன் தளத்தில் பழைய 'டைகர் மாத்' ஒன்று பறந்ததையும் கூற வேண்டும். அதனைச் செப்பனிட்டது இங்கிலாந்தில். மரமும் துணியும் நூலுமாகிய அவ்வேலையைச் செய்யக் கடல் கடந்து அனுப்ப வேண்டியதாயிற்று. பழைய வேலையறிந்த கைகள் நிரம்பிய ஊர் இது. எண்ணுந்தோறும் நெஞ்சு கசிகின்றது.

எரிபொருளும் ஒரு தடையாகவே இருந்தது. இச்சிறு எஞ்சின்களுக்குரிய விமானப் பெட்ரோலை நெடுங்காலம் வெளிநாட்டிலிருந்தே வாங்கினோம். 2022 செப்டம்பர் முதல் இந்தியன் ஆயில் நிறுவனம் குஜராத்தில் அதனைச் செய்யத் தொடங்கியுள்ளது. ஆக, பெட்ரோல் கிடைக்கும். விமானத்தின் வரைபடத்தையும் எங்கேனும் தேடி எடுக்கலாம். முடிச்சுப் போடுகின்ற கையைத்தான் எடுத்து வைக்க முடியாது.

அதனால் நம் சங்கப் படிப்பகத்தில் இவ்வாண்டு ஒரு பெரிய குறிப்பேடு வைத்துள்ளோம். விமானத் தொழிற்சாலையில் வேலை பார்த்த நம் பெரியவர்கள் எந்த ஆண்டில், எந்தப் பிரிவில், என்ன கருவி கொண்டு, என்ன வேலை செய்தனர் என்பதை அதில் எழுதுமாறு வேண்டுகின்றோம். கன்னட அன்பர்களும் மலையாள அன்பர்களும் அருகருகே நின்று உழைத்தவர்கள். அவர்களையும் அழைத்து வாருங்கள். பழைய புகைப்படங்களைப் படியெடுத்துக்கொண்டு அன்றே திருப்பித் தருவோம். ஊசியும் நூலும் அங்கே உள்ளன. முடிச்சைக் காட்ட வல்லவர் காட்டலாம். எழுத இயலாத முதியவர்கள் வாயால் சொன்னால் போதும். எழுதிக்கொள்ள நம் மாணவர் இருவர் ஞாயிறுதோறும் மாலை ஆறு மணி முதல் எட்டு மணி வரை அங்கே இருப்பர்.